வாகனம் கிடைத்தவன் மகிழலாமா?

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயமாகிய 'அந்நஹ்லு' ஸூராவின் தொடக்கத்தில், அல்லாஹுத்தஆலா மனிதனுக்குத் தான் அளித்திருக்கும் நிஃமத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி வருகிறான். கால்நடைகளால் குளிருக்கு ஆடை கிடைக்கிறது, உணவு கிடைக்கிறது, மனிதன் தானே சுமந்து சென்றால் உயிர் பாதியாகிப் போகும் தொலைவுகளுக்கு அவை அவனுடைய சுமைகளைச் சுமந்து செல்கின்றன. இவையெல்லாம் பயனைப் பற்றிய பேச்சு. ஆனால் இவற்றுக்கு நடுவே, ஆறாவது வசனத்தில், பயனோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தையும் இறைவன் சொல்லிக் காட்டுகிறான். மாலையில் அவற்றை வீட்டுக்கு ஓட்டி வரும்போதும், காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போதும் அவற்றில் உங்களுக்கு ஓர் அழகு இருக்கிறது என்பது அதன் கருத்து. காலைக்கு முன் மாலையைச் சொன்னதற்குத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் காரணமும் காட்டியிருக்கிறார்கள்: மேய்ந்து வயிறு நிரம்பி, மடி கனத்துத் திரும்பும் வேளையில்தான் அந்த அழகு அதிகம். எட்டாவது வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சொல்லும்போதும், ஏறிச் செல்வதற்கு என்பதோடு நிறுத்தாமல் அலங்காரத்துக்கும் என்று சேர்த்துச் சொல்லி, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று முடிக்கிறான். இந்தக் கடைசிச் சொல்லில் இரயிலும் மோட்டாரும் ஆகாய விமானமும் அடங்கும் என்று பிற்கால உலமாக்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

வாசலில் நிறுத்தி வைத்த வண்டியை, வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறானே மனிதன், அந்தப் பார்வையை இந்த வசனங்கள் அறிந்தே இருக்கின்றன.

இதை இங்கே எடுத்துச் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், நம்மிடம் வந்த ஒரு கேள்வியாகும். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று கிராமங்களின் ஊடே நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றுக்கு வேண்டிய இரசாயனங்கள் தயாராகும் இடம். 1980களில் அது தோன்றிய நாளிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்களின் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் பிழைப்பு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மூக்கைக் கொண்டே சொல்லிவிடுவார்கள் அவ்வூர் மக்கள். அங்குள்ள ஒரு தொழிற்சாலையில் ஏறக்குறைய முப்பது வருடங்கள் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நம்மிடம் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. அத்தனை வருடமும் சைக்கிள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நைட் ஷிப்டு முடித்து, எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து வந்தவர். பெண் மக்களைக் கட்டிக் கொடுத்து முடித்து, கடனெல்லாம் அடைத்து, மிஞ்சிய தொகையில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள அந்தக் காலத்து வண்டி. இளம் வயதில் ஆசைப்பட்டதாம்.

வாங்கிய பிறகு அஸர் தொழுதுவிட்டு, காரியம் எதுவுமில்லாமல், சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம் வரை போய்த் திரும்புகிறார். பள்ளிவாசல் வாசலில் யாரோ ஒருவர், “மவுத்துக்குத் தயாராகுற வயசுல புல்லட்டு கேக்குதா பாய்?” என்று கேட்டுவிட்டார். சிரித்துக் கொண்டுதான் கேட்டார். இவரும் சிரித்துக் கொண்டுதான் வந்தார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் முதல் பள்ளிக்கு நடந்தே வருகிறார். வண்டியை விற்று அந்தப் பணத்தை உம்ராவுக்குச் சேர்த்துவிடலாமா என்ற யோசனையும் வந்துவிட்டது. நம்மிடம் அவர் கேட்டது இதுதான்:

“ஹஜ்ரத், வண்டி ஆகுமா ஆகாதான்னு கேக்கல. அது ஆகும்னு எனக்குத் தெரியும். இதுல ஏறினா மனசு சந்தோஷப்படுதே, அந்த சந்தோஷம் ஆகுமா?”

கேள்வி சாதாரணமானது அல்ல. ஃபிக்ஹு நூல்கள் செயலுக்குச் சட்டம் சொல்லும். வாங்குவது, விற்பது, ஓட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே பதில் உண்டு. உள்ளத்தில் தானாக எழும் மகிழ்ச்சிக்கு என்ன சட்டம்?

குர்ஆனிலேயே இதற்கு இரண்டு விதமான வசனங்களைக் காண்கிறோம். 28ஆவது அத்தியாயத்தில் காரூனைப் பார்த்து அவனுடைய சமூகத்தார், பூரித்துப் போகாதே, அப்படிப் பூரிப்பவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று எச்சரித்த செய்தி வருகிறது. அதே காரூன் சகல அலங்காரங்களோடும் ஊர் நடுவே பவனி வந்ததும் அங்கேயே சொல்லப்படுகிறது. 57ஆவது அத்தியாயத்தில், கை தவறிப் போனதற்காக வருந்தாமலும் கைக்கு வந்ததற்காகப் பூரிக்காமலும் இருக்கும்படி உபதேசம் இருக்கிறது. ஆனால் 10ஆவது அத்தியாயத்தின் 58ஆவது வசனமோ, அல்லாஹ்வின் அருளையும் ரஹ்மத்தையும் கொண்டு மகிழட்டும் என்று கட்டளையாகவே கூறுகிறது. அரபியில் மூன்று இடங்களிலும் 'ஃபரஹ்' என்ற ஒரே சொல்தான். ஆக, மகிழ்ச்சி என்பதே தடுக்கப்பட்டதன்று. அது எதைப் பற்றிக் கொண்டு நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த முடிச்சை மிக அழகாக அவிழ்த்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில், பொறுமை, நன்றி பற்றிய பாகத்தில், அவர்கள் எடுத்துக் கொண்ட உதாரணமே ஒரு வாகனம்தான். ஓர் அரசன் ஒருவனுக்குக் குதிரை ஒன்றைப் பரிசாக அளிக்கிறான். அவன் மூன்று விதமாக மகிழலாம். முதலாவது, அது குதிரை, விலையுள்ள பொருள், தனக்குத் தேவையானது, ஏறிப் போகலாம் என்ற மகிழ்ச்சி. இந்தக் குதிரை ஏதோ ஒரு பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டிருந்தாலும் இந்த மகிழ்ச்சி இதே அளவில் இருந்திருக்கும். அரசனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, அரசனுக்குத் தன் மேல் கவனம் இருக்கிறதே, தன்னை அவன் நினைத்துப் பார்த்திருக்கிறானே என்ற மகிழ்ச்சி. பாலைவனத்தில் கண்டெடுத்தால் இது வராது. மூன்றாவது, இந்தக் குதிரையில் ஏறி அரசனுடைய சேவைக்குப் புறப்படலாம், அவனை நெருங்கலாம் என்ற மகிழ்ச்சி. முதல் வகையில் நன்றி என்பதே இல்லை. இரண்டாவதில் நன்றி உண்டு, அது ஸாலிஹீன்களின் படித்தரம். மூன்றாவதுதான் நன்றியின் முழுமை என்பது இமாமவர்களின் முடிவு.

இதைச் சொல்லும் பேச்சாளர்கள் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் வகை மகிழ்ச்சியைப் பாவமாகவே ஆக்கிவிடுகிறார்கள். இமாமவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அது ஷுக்ர் அல்ல என்றார்கள். ஷுக்ர் அல்ல என்பது வேறு, குற்றம் என்பது வேறு. பசித்தவனுக்குச் சோற்றைக் கண்டதும் முகம் மலர்வது இபாதத்து அல்ல. அதற்காக அவன் தவ்பாச் செய்ய வேண்டியதும் இல்லை. வண்டி சத்தம் கேட்டதும் நெஞ்சு குளிர்கிறது என்றால் அது முபாஹ். அதன் மேல் மாடி கட்டலாம். கட்டாவிட்டால் தரை தரையாகவே இருக்கும், அவ்வளவுதான்.

வயதைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு வருவோம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. முதியவனின் உள்ளம் இரண்டு விஷயங்களில் மட்டும் இளமையாகவே இருந்து கொண்டிருக்கும், உலக ஆசை ஒன்று, நீண்ட எதிர்பார்ப்பு மற்றொன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பள்ளி வாசலில் கேலி செய்தவர் இதைக் காட்டியிருந்தால் நாமும் தலை குனிந்து கேட்டிருப்போம். ஆனால் இந்த நபிமொழி கண்டிப்பது, இன்னும் நெடுங்காலம் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று நம்பிப் பிடித்துக் கொள்வதை. கால் நூற்றாண்டு ஓடித் தேய்ந்த ஒரு வண்டியை வாங்குகிறவருக்கு உலகம் நிலையானது என்ற எண்ணம் இருக்குமா? ஒவ்வொரு மாதமும் மெக்கானிக் பட்டறையில் உட்கார்ந்து, எந்தப் பொருளும் தேய்ந்தே தீரும் என்ற பாடத்தைக் காசு கொடுத்துப் படித்துக் கொண்டிருப்பவர் அவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத்துச் செய்தபோது அவர்களுக்கு வயது 53. ஹதீஸ் நூல்களில் அவர்களுடைய வாகனங்களைப் பற்றி நாம் படிக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு நடந்தவையே. ஓரிரவு மதீனாவில் ஏதோ ஒரு பெரும் சத்தம் கேட்டு மக்கள் அஞ்சி வெளியே வந்தார்கள். அவர்கள் போய்ப் பார்க்குமுன்பே நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம் கூட இல்லாமல் ஏறிச் சென்று பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் கொண்டே எதிரே திரும்பி வந்தார்கள். அந்தக் குதிரை மந்த நடைக்குப் பெயர் பெற்றது. இறங்கியதும் அதைப் பற்றி அவர்கள் சொன்ன சொல், இதைக் கடலாகக் கண்டோம் என்ற பொருள்பட அமைந்தது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸைப் படிக்குந்தோறும் நமக்கு ஒரு வியப்பு. இரவல் குதிரை, அதுவும் மந்தக் குதிரை, அவசர வேளை. அப்படியிருந்தும் அதன் ஓட்டத்தை இரசித்து, வாய் விட்டுப் புகழ்ந்தார்கள். அதன் பின் அந்தக் குதிரையை எதுவும் முந்தவில்லை என்றும் ஓர் அறிவிப்பில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர் வாகனத்தை இரசிக்கக் கூடாது என்ற சட்டத்தை இனி எங்கிருந்து கொண்டு வருவது?

காரியமில்லாமல் போய் வருவது வீண் அல்லவா என்றும் அவருக்கு ஓர் உறுத்தல். விளையாட்டுகளில் வீண் அல்லாதவை என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்ன மூன்றில் ஒன்று, தன் குதிரையைப் பழக்குவது. மற்றவை அம்பெய்து பழகுவதும் மனைவியோடு மகிழ்ந்திருப்பதும். திர்மிதியில் இது இருக்கிறது. அது ஜிஹாதுக்குப் பயிற்சி என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவதை என்ன செய்வது? அளவு மீறிப் பெட்ரோலை எரித்தால் இஸ்ராஃப் என்ற விரயம் வந்து சேரும். முப்பது வருடங்கள் இரசாயன நெடியில் வேலை பார்த்தவர் மாலையில் கொஞ்சம் நல்ல காற்று வாங்கிவிட்டு, மஃரிப் ஜமாஅத்துக்கு முன் திரும்பிவிடுகிறார் என்றால், அதை விரயம் என்று சொல்ல நம் நாக்கு எழவில்லை.

ஆயினும், மகிழ்ச்சி முபாஹ் என்று சொன்ன கையோடு அதன் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் சென்றபோது நடந்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அமீருல் முஃமினீன் எளிய கோலத்தில் ஒட்டகையில் வருகிறார்களே என்று, அந்நாட்டுப் பாணியில் ஓர் உயர்ரகக் குதிரையைக் கொண்டு வந்து ஏறச் செய்தார்கள். அது மினுக்கி மினுக்கி நடை போட ஆரம்பித்தது. உமர் (ரலி) அவர்கள் உடனே இறங்கிவிட்டார்கள். இது செருக்கின் நடை என்று கண்டித்து, தம் பழைய ஒட்டகையையே கேட்டு வாங்கி ஏறிக் கொண்டார்கள். குதிரை ஹராம் என்பதற்காக அவர்கள் இறங்கவில்லை. அது தம் உள்ளத்தில் எதை எழுப்பப் பார்க்கிறது என்பதை நாலு எட்டு வைப்பதற்குள் அறிந்து கொண்டார்கள்.

புல்லட்டுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு என்பதை மறைப்பானேன்? 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகி வரும் வண்டி அது. நம் ஊர்களில் போலீஸ் அதிகாரியும் மிராசுதாரும் ஏறிப் போய், அதன் சத்தத்துக்கே ஒரு மரியாதை ஒட்டிக் கொண்டது. தெருமுனையில் அது வருவது கேட்டாலே ஆள் எழுந்து நிற்பான். அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டுத்தான் ஏறுகிறோமா என்று ஏறுகிறவர் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். பெருமை என்றால் என்ன என்று விளக்கும்போது, சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதும்தான் என்று வரையறுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டுமென்று விரும்புவது பெருமையாகாது என்பதையும் அதே சபையில் தெளிவாக்கினார்கள். ஆகவே வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக் கொள்வதில் குறையில்லை. சிப்காட் வாசலில் ஷிப்டு விட்டு வரும் சைக்கிள்காரனை, நேற்றுவரை தாம் இருந்த கோலத்தில் இருப்பவனை, ஓரம் போ என்று ஹாரன் அடித்து விரட்டத் தோன்றுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உள்ளத்தைச் சோதிக்க மற்றோர் இடமும் உண்டு. நபி (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்று ஓர் ஒட்டகை இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகையும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகையில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெருத்த மனவருத்தமாகிவிட்டது. அதை முகத்தில் கண்டுகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ் தன் மேல் ஏற்றுக் கொண்ட நியதி என்ற கருத்தைக் கூறினார்கள். இதில் நாம் கவனிப்பது, அள்பாவின் மேல் ஏன் பிரியம் வைத்தீர்கள் என்று அவர்கள் கடிந்து கொள்ளவில்லை என்பதைத்தான். அந்தப் பிரியத்தை அப்படியே விட்டுவிட்டு, அது எதைத் தாங்கிக் கொள்ள வேண்டும் என்பதை மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இந்தப் பாடம் தினமும் வந்து கொண்டிருக்கும். கல்லூரிப் பையன் புது வண்டியில் சர்ரென்று முந்திப் போவான். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, எல்லாம் முறைப்படி செய்து கிக்கரை உதைத்தாலும், நாலு பேர் பார்க்கும் நேரத்தில் வண்டி கிளம்பாது. அப்போது முகம் சுளிக்காமல் 'அல்ஹம்துலில்லாஹ்' வருகிறதா? வந்தால் அந்த மகிழ்ச்சி ஆரோக்கியமாக இருக்கிறது.

இது உள்ளத்தின் விஷயம். வண்டி கைக்கு வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டும். புது வண்டி என்றால் இன்று நம்மவர்களில் அநேகர் பைனான்ஸ் வாசலில் போய் நிற்கிறார்கள். அசலோடு வட்டியும் மாதா மாதம் போகிறது. வட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து கொண்டு, வாகனத்தில் ஏறும் துஆவை ஓதுவது எப்படி இருக்கும்? கையிலுள்ள ரொக்கத்துக்குத் தக்கபடி பழைய வண்டி வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் வாலிபர்களுக்குச் சொல்கிறோம்: பெருமானார் (ஸல்) அவர்களே பயணத்தின் நடுவே, ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துத் தள்ளாடிய ஒட்டகையை விலை பேசி வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர் இறைக்கப் பயன்பட்ட உழைப்பாளி ஒட்டகை அது. மதீனா சேரும் வரை தாமே ஏறி வருவதாக ஜாபிர் (ரலி) அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். அதை ஏற்றுக் கொண்டார்கள். ஊர் வந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் எல்லாரும் அறிந்ததே. நம் கடலூர்ப் பகுதிக்கு இந்த ஹதீஸ் நேற்று இறங்கியது போல் இருக்கிறது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையிலும் எத்தனை வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன! உள்ளே நீர் புகுந்த எஞ்சினைக் கழுவி, மேலே பெயிண்ட் அடித்து, சொல்லாமல் விற்பவன் அந்த ஈரத் தானியத்தைத்தான் விற்கிறான். ஓடிய கிலோமீட்டரைத் திருப்பி வைப்பதும் அதே இனம். குறையை மறைத்து விற்றது பின்னர் தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபும் ஒன்றுபடுகின்றன.

அருகில் நிற்பவருக்கும் கடமை உண்டு. ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகை வாங்கிக் கொண்டு போகிறார். பக்கத்தில் நின்ற வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் சற்றுக் கவனக் குறைவாக இருந்துவிட்டு, பிறகு அவர் பின்னே ஓடி, “இறைச்சிக்கா வாங்கினீர், சவாரிக்கா?” என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஒரு துவாரம் இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைப்பட, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகப் பெருமானாரிடம் நாங்கள் உறுதி கொடுத்திருக்கிறோம் என்று பதிலளித்தார்கள் வாஸிலா (ரலி) அவர்கள். இதை இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்குகளும் தரகர்களும் இதைச் சற்று நிதானித்துப் படிக்கக் கடவர். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் வருடக் கணக்கில் இழுத்தடிப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வண்டி ஒரு விபத்தில் சிக்கினால், விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் பழைய சொந்தக்காரர் மேல் வழக்கு விழுகிறது. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இனி பின் இருக்கை. வண்டியின் மகிழ்ச்சி மூன்றாம் படிக்கு ஏறுவதற்கு நம் பெரியவருக்கு மிகச் சுலபமான வழி அதுதான் என்று நமக்குப் படுகிறது. நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் ஏற்றிச் சென்ற ஸஹாபாக்களின் பெயர்கள் ஒரு நீண்ட வரிசை. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை 'உஃபைர்' என்ற கழுதையில் பின்னால் ஏற்றிச் சென்றபோதுதான், அடியார்கள் மேல் அல்லாஹ்வுக்குள்ள உரிமை என்ன என்ற பெரும் பாடத்தையே கற்றுக் கொடுத்தார்கள். உபரியாக வாகனம் வைத்திருப்பவர் வாகனமில்லாதவருக்குக் கொடுத்து உதவட்டும் என்ற கட்டளை முஸ்லிமில் உள்ளது. உபரி இருக்கையும் அதில் சேரும் என்றே நாம் கருதுகிறோம். விடியற்காலையில் நைட் ஷிப்டு முடிந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, சிப்காட் சாலையில் நடந்து வரும் ஒரு தொழிலாளியின் கால் வலி இவருக்குத் தெரிவது போல் யாருக்குத் தெரியும்? அவன் எந்த மதத்தவனாக இருந்தால் என்ன?

மனைவியையும் மறந்துவிடக் கூடாது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகையில் ஏறுவதற்காக, நாயகம் (ஸல்) அவர்கள் கீழே அமர்ந்து தம் முழங்காலை வைத்துக் கொடுத்தார்கள். அன்னையவர்கள் அதன் மேல் கால் வைத்து ஏறினார்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகைகளை விரைவாக ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறாய், மெதுவாக ஓட்டு என்ற கருத்தில் சொன்னார்கள். முப்பது வருடங்கள் இவர் எந்த ஷிப்டு என்று கேட்டு அதற்கேற்பச் சோறாக்கி வைத்த அந்த அம்மா, பரங்கிப்பேட்டையில் இருக்கும் தம் சகோதரி வீட்டுக்குப் போக இத்தனை காலமும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவர். இப்போது பின்னால் உட்கார்ந்து போகிறார். குடும்பத்தாரின் தொடர்பைப் பேணும் அமலும் இதில் சேர்ந்துவிடுகிறது. இருவருக்கும் ஹெல்மெட் இருக்கட்டும். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்ற இறைவாக்கோ அதற்கு வெகுமுன்னால் வந்தது.

வாலிபர்கள் சிலர் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஊரைக் கிழித்துக் கொண்டு போகிறார்களே, அவர்கள் லுக்மான் ஸூராவின் 19ஆவது வசனத்தில் குரல்களிலெல்லாம் அருவருப்பானது எதுவென்று சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கொள்ளலாம். நம் பெரியவரின் வண்டி அளவாகத்தான் சத்தம் போடுகிறது. ஆனாலும் ஃபஜ்ருக்கு வரும்போது தெருவில் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் தூங்கிக் கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வக்துக்கு மட்டும் நடந்து வாருங்கள், ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு என்று சொன்னோம். மற்ற வக்துகளில் வண்டியிலேயே பள்ளிக்கு வரட்டும்.

விற்று உம்ராவுக்குச் சேர்க்கும் யோசனைக்கு நாம் சம்மதிக்கவில்லை. உம்ரா பெரும் பாக்கியம். அந்த ஆசை அவருக்குத் தானாக வந்திருந்தால் ஒரு வார்த்தை குறுக்கே பேசியிருக்க மாட்டோம். அது வந்ததோ ஒருவருடைய கேலிக்குப் பிறகு. வெட்கத்துக்குத் தக்வா என்று பெயர் சூட்டக் கூடாது. ஹஜ்ஜு கடமையாகும் அளவுக்கு அவரிடம் செல்வம் இல்லை. தங்கும் வீடு, உடுக்கும் துணி, ஏறிச் செல்லும் வாகனம் ஆகியவற்றை அத்தியாவசியத் தேவைகள் என்று ஃபிக்ஹு நூல்கள் ஒதுக்கி வைத்திருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு ஜகாத்தும் இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு மட்டும் அது வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியானால் ஜகாத் உண்டு. உமர் (ரலி) அவர்கள் கண்டது போன்ற மாற்றத்தை என்றைக்காவது தம் உள்ளத்தில் கண்டால், அன்றைக்கே விற்றுவிடட்டும். அதுவரை உம்ராவுக்கென்று தனியாக ஓர் உண்டியல் வைத்துக் கொள்ளட்டும் என்றோம்.

போகும்போது இன்னொன்று கேட்டார். வாகனம் வாங்கினால் அதன் நன்மையைக் கேட்டு, அதன் தீங்கைவிட்டுப் பாதுகாவல் தேடி ஓதும் துஆ அபூதாவூதில் இருக்கிறது. ஒட்டகையானால் அதன் திமிலின் உச்சியைப் பிடித்துக் கொண்டு ஓத வேண்டும் என்று அதிலேயே வருகிறது. வாங்கி நாலு மாதமாகிவிட்டதே, இனிமேல் ஓதலாமா, புல்லட்டுக்குத் திமில் எது என்றார். நன்மையைக் கேட்பதற்குக் காலம் கடந்து போவதில்லை. பெட்ரோல் டேங்கின் மேல் கை வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி, துஆவை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். மடித்து, ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொண்டார்.